மே மாதத்தில் பிறந்தவர்கள்

ஐம்பது வயது தாண்டிய பெண்ணுக்கு அறுபத்தைந்து ரூபாய். இருபத்தைந்து வயது இளைஞனுக்கு முந்நூற்று இருபது. பெங்களூரிலிருந்து வந்த காகிதத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. ஜெபமலர் மெல்லத் தன் வரிசையைத் தேடிப் பார்த்தாள். நாற்பத்திரண்டு வயது, பெண், நகரவாசி: நூற்றுப் பத்து. அந்த விலைக்குக் கழக்கூட்டம் சந்தையில் நெய்மீனில் நடுத்துண்டு ஒன்றுகூட வெட்டித் தரமாட்டார்கள்.

ஆளை விற்கிற காகிதம் அல்ல அது, கம்பெனியை விற்கிற காகிதம். ஆனால் செல்போன் விளையாட்டுக் கம்பெனிக்கு ஆலையும் இல்லை, நிலமும் இல்லை. விளையாடுகிற ஆட்கள்தான் சொத்து. அவர்களை வயது, ஆண் பெண், ஊர் என்று பிரித்து, தலைக்கு இவ்வளவு என்று பெருக்கிக் கூட்டினால் கம்பெனியின் விலை வந்துவிடும். விளம்பரக்காரன் யார் பின்னால் ஓடுகிறானோ அவருக்கு விலை கூடுதல். வீட்டுக்கு சோப்பும் பாத்திரமும் வாங்குவது யார் என்று அவனுக்குத் தெரியாதா என்று ஜெபமலருக்குப் பல வருடமாக ஒரு கோபம் உண்டு. கேட்பார் யாரும் இல்லை.

விற்பனைக்கு வந்திருந்த ஹரிகுமாரின் கம்பெனிக்கு ஒரே ஒரு விளையாட்டுதான். பெயர் 'அயல்வீடு'. ஆளுக்கு ஐந்து சென்ட் நிலம். மரச்சீனிக்கிழங்கு, வாழை, பயறு, முருங்கை எது வேண்டுமானாலும் நடலாம். ஆனால் உங்கள் செடிக்கு நீங்களே தண்ணீர் ஊற்ற முடியாது. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்தான் ஊற்ற வேண்டும். அவர் செடிக்கு நீங்கள். பக்கத்து வீட்டோடு பகைத்துக்கொண்டால் தோட்டம் காய்ந்து போகும். மொத்த விளையாட்டும் இவ்வளவுதான். இதை மூன்று லட்சம் பேர் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் யார், எவர், எங்கிருந்து வருகிறார்கள் என்று கணக்கெடுப்பது முதல் நாளிலிருந்தே ஜெபமலரின் வேலை.

வாங்க வந்தவர்கள் சார்பில் ஆட்களை எண்ணிப் பார்க்க பிரணவ் வந்திருந்தான். சென்னைப் பையன், இருபத்தேழு வயது, மரியாதைக்காரன். எதைப் பார்த்தாலும் சந்தேகப்படுவதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். இரண்டாம் நாள் மத்தியானம் அவன் கணினியைத் திருப்பிக் காட்டினான்.

"மேடம், நாப்பது வயசுக்கு மேல இருக்கிற உங்க பிளேயர்ஸ்ல பாதிப் பேர் மே மாசத்துல பொறந்திருக்காங்க. உலகத்துல எங்கயும் இப்படி நடக்காது. இதெல்லாம் மெஷின் போட்ட பொய்க் கணக்கு."

ஜெபமலர் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹரிகுமார் சிரிக்கவில்லை. சந்தேகத்துக்குரிய ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேரைக் கழித்தால் பேசிவைத்த நாலு கோடி விலையில் ஒன்றரைக் கோடி போய்விடும். மீதியில் கம்பெனிக் கடன் அடையாது, விற்பனையும் நடக்காது, ஜூன் மாதம் சர்வரை நிறுத்த வேண்டியதுதான். விற்பனை நடந்தாலும் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: ஆள் யாரென்று உறுதிப்படுத்த முடியாத கணக்குகளை அழித்துவிட்டுத்தான் கைமாற்ற வேண்டும்.

அந்த வரியை ஜெபமலர் மறுபடி படித்தாள். அவளுடைய அம்மா தாசம்மாளின் ஐந்து சென்ட்டும் அந்த விளையாட்டில் இருந்தது. அம்மா போய் மூன்று வருடம். காய்ந்து கிடப்பதைப் பார்க்க மனசில்லாமல் ஜெபமலர் அந்த வேலிப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. இருந்தாலும் எங்கோ ஓர் ஓரத்தில் அது இருக்கிறது என்பதே ஒரு தெம்பாக இருந்தது.

"ஜெபா, நீ அவன்கிட்ட ஒந்நு பறஞ்சு மனசிலாக்கு," என்றார் ஹரிகுமார். பதற்றம் வந்தால் அவர் தமிழ் பாதியில் மலையாளமாகிவிடும்.

அவள் புரியவைக்கப் பார்த்தாள். "தம்பி, இங்க மலையாளக்கரையில பள்ளிக்கூடம் ஜூன் ஒண்ணாம் தேதி தொறக்கும். அன்னைக்கு அஞ்சு வயசு முடிஞ்சிருக்கணும். பிள்ளைக்கு முடியலேன்னா ஹெட்மாஸ்டர் என்ன செய்வாரு? மே மாசத்துல ஏதாவது ஒரு தேதியைப் போட்டு எழுதிச் சேத்துக்குவாரு. அதுதான் பின்ன ஆயுசு பூரா பிறந்தநாள். மே முப்பத்தொண்ணு ஆச்சுன்னா எல்லா ஆபீஸிலயும் வரிசையா ரிட்டயர்மென்ட்டு பிரியாவிடைதான், கேட்டியா? எனக்கும் மே இருபதுதான். உள்ளபடி பிறந்தது அக்டோபர்ல."

பிரணவ் அவளை ஏற இறங்கப் பார்த்தான். நம்பினானா என்று தெரியவில்லை. ஆனால் முதலில் சிரித்தாளே, அந்தச் சிரிப்பு அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரிய வழியில்லை.

பதினொரு வருடத்துக்கு முந்தைய ஒரு மே மாதத்திலிருந்து வந்தது. அப்போது கம்பெனி என்பது பழவங்காடியில் ஒரு பாத்திரக்கடை மாடியில் ஒற்றை அறை. ஹரிகுமார் என்கிற ஹரியண்ணன், ஜெபமலர், சுனில் என்று மூன்று பேர், நான்கு நாற்காலி. நாலாவது நாற்காலியில் சர்வர் இருந்தது. பாலராமபுரத்துச் சுனில்தான் விளையாட்டின் நிரல் முழுவதையும் எழுதினவன். கீழே கணபதி கோயிலில் விடிந்தது முதல் தேங்காய் உடைபடும். அந்தச் சத்தத்தில் போனில் பேச முடியாது. சுனில் ஒரு நாள் சன்னல் வழியாகப் போனை நீட்டி அதைப் பதிவு செய்து, விளையாட்டில் யார் அறுவடை செய்தாலும் தேங்காய் உடைகிற சத்தம் கேட்கும்படி வைத்துவிட்டான். இன்று வரை அதுதான் கேட்கிறது.

பிறந்தநாளன்று ஆட்டக்காரருக்கு ஒரு பலாமரம் இலவசம் என்று முதல் வருடம் ஓர் ஏற்பாடு செய்தார்கள். மே மாதம் பிறந்ததும் சர்வர் மூச்சுத் திணறியது. கடைசி வாரம் விழுந்தே விட்டது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான பலாமரங்களை நட அதற்குத் தெம்பில்லை. சுனில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, ஜெபமலர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "சுனிலு, உனக்கு எப்போடே பிறந்தநாளு?" என்று கேட்டாள். "மே இருபத்தேழு." "ஹரியண்ணனுக்கு?" "மே முப்பது." சோறு கொண்டுவந்த அம்மாவைக் கேட்டார்கள். அவளுக்கு மே இருபத்தைந்து.

"அப்போ நம்ம எல்லாரையும் பெத்தது ஹெட்மாஸ்டராக்கும்," என்றான் சுனில். அறையே குலுங்கிச் சிரித்தது. அப்படி ஒரு சிரிப்பை அதற்குப் பிறகு எந்தக் குளிர்சாதன அறையிலும் ஜெபமலர் சிரித்ததில்லை. காசு இல்லாத நாட்கள் என்று அதைச் சொல்லிக்கொள்வார்கள். மற்றதெல்லாம் இருந்த நாட்கள் என்றும் சொல்லலாம்.

தாசம்மாள் அதே தெருவில் ஒரு துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாக நின்றவள். மத்தியானம் மரச்சீனியும் மீன்குழம்பும் எடுத்துக்கொண்டு மாடியேறி வருவாள். நால்வரும் ஒரே காகிதத்தில் வைத்துச் சாப்பிடுவார்கள். விளையாட்டுக்கு வெளி ஆள் என்று முதலில் சேர்ந்தது அவள்தான். தன் சோதனைக் கணக்கையே அவளுக்குப் பக்கத்து வீடாக வைத்து வேலி கட்டிக் கொடுத்தான் சுனில். "அம்மை எனக்கு ஊத்தணும், நான் அம்மைக்கு ஊத்துவேன். மறந்தா என் பயறு செத்துப்போவும் பாத்துக்கோ," என்று மிரட்டியும் வைத்தான்.

அந்தச் சுனில் இப்போது கம்பெனியில் இல்லை. ஏழு வருடம் முன்பு வேலிகளில் விளம்பரம் வைக்கலாம் என்று ஹரியண்ணன் முடிவு செய்தார். "வேலி பக்கத்து வீட்டுக்காரனைப் பாக்கதுக்கு உள்ளது. போஸ்டர் ஒட்டதுக்கு இல்ல," என்று சுனில் மேசையைத் தட்டினான். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி இருந்த நேரம். ஜெபமலர் ஹரியண்ணன் பக்கம் பேசினாள். சுனில் அவளைப் பார்த்து, "நீயுமா மலரே," என்று மட்டும் கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனான். அவன் முகத்தை அதன் பிறகு அவள் பார்க்கவில்லை. இருவருமே கூப்பிடவில்லை. வீம்புக்குக் குறைவில்லாத இரண்டு பேர்.

பிரணவ் கடைசியில் ஒரு வழி சொன்னான். மே மாதக்காரர்களில் இருநூறு பேரைக் கணினியே பொறுக்கட்டும், ஒவ்வொருவரையும் கூப்பிடலாம், ஆள் உண்மையா என்று தன் காதால் கேட்க வேண்டும். மறுநாள் காலை ஜெபமலர் போனை மேசையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டாள்.

கிழக்கேகோட்டை அக்ரகாரத்திலிருந்து சுப்புலக்ஷ்மி என்ற அறுபத்தெட்டு வயது மாமி எடுத்தாள். "மே இருபத்தாறா? யார் சொன்னா? நான் ஆவணி அவிட்டத்துக்கு மறுநாள் பொறந்தவளாக்கும். அப்பா கொண்டு சேர்த்தப்போ அந்த ஹெட்மாஸ்டர் பிராமணன் என்னமோ எழுதிட்டார். போகட்டும், நேக்கு இன்னும் பலாமரம் வரலையே, இந்த வருஷம் உண்டோ இல்லையோ?"

பொன்முடி எஸ்டேட்டில் தொழிலாளர் லயத்திலிருந்து சுடலைமாடத்தி பேசினாள். பின்னால் மழை கொட்டுகிற சத்தம். "நான் பள்ளிக்கூடத்து வாசலே மிதிச்சதில்லம்மா. மவளைச் சேக்கப் போனப்ப சாரு அவளுக்கு மே இருவத்தெட்டுன்னு எழுதினாரு. நல்ல நாளா இருக்கேன்னு நானும் அதையே வச்சுக்கிட்டேன்."

பிரணவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாலைக்குள் நூற்றெண்பது பேருக்கு மேல் எடுத்தார்கள், எல்லோரும் ரத்தமும் சதையுமாக. பாதிப் பேர் பலாமரத்தைக் கேட்டார்கள். பொய்க் கணக்கு என்று எழுதியிருந்ததை அவன் அடித்தான். ஹரிகுமார் அன்றைக்கு முதல் முறையாகத் தேநீரை ஆறுவதற்கு முன் குடித்தார்.

ஆனால் அவன் விட்ட பாடில்லை. அடுத்த நாள் இன்னொரு பட்டியலோடு வந்தான். "இவங்க ரெண்டாயிரத்து நானூறு பேர். ஆறு மாசம், ஒரு வருஷம், ரெண்டு மூணு வருஷமா கணக்கைத் திறக்கவே இல்ல. ஆனா தோட்டம் மட்டும் பச்சையா இருக்கு. இது எப்படி மேடம்? எல்லாருக்கும் ஒரு ஓடிபி அனுப்பிட்டேன். பதில் வந்தா ஆள் இருக்காங்க. வரலைன்னா அழிச்சிடலாம்."

ஜெபமலர் பட்டியலை மேலிருந்து கீழாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். ஒரு வரியில் விரல் நின்றது. தாசம்மாள், பாறசாலை. பிறந்தநாள் மே 25. கடைசியாகத் திறந்தது 2022 மார்ச் 9. தோட்டம்: பச்சை.

பச்சையா? காய்ந்து கிடக்கிறது என்றல்லவா மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள்! கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பச்சைதான்.

அப்போது அவள் கைப்பைக்குள் போன் ஒரு முறை அதிர்ந்தது. அம்மாவின் போன். மூலை உடைந்த அந்தப் போனுக்கு மாதாமாதம் பணம் கட்டி, சார்ஜ் போட்டு, பையிலேயே வைத்திருந்தாள். ஏன் என்று கேட்பவர்களுக்கு வங்கி, ஆதார் என்று ஒரு பதில் தயாராக இருந்தது. உண்மையான காரணத்தை அவள் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை. எடுத்துப் பார்த்தாள். ஆறு எண்கள். பத்து நிமிடத்துக்குள் இதைப் போட்டால் தாசம்மாள் உயிரோடு இருக்கிறாள் என்று ஆகிவிடும். அறுபத்தைந்து ரூபாய் கூடும். தோட்டம் தப்பும். யாருக்கும் தெரியப்போவதில்லை.

முதல் மூன்று எண்களைப் போட்டும் விட்டாள்.

அம்மா துணிக்கடையில் முப்பது வருடம் நின்றவள். சாயம் போகும் துணியை, "இது சாயம் போவும், வேண்டாம் மக்களே," என்று சொல்லி முதலாளியிடம் திட்டு வாங்கினவள். அவளை உயிரோடு வைக்க அவள் பெயரிலேயே பொய் சொல்வதா? ஜெபமலர் போனை மேசைமேல் வைத்தாள்.

"தம்பி, இந்தக் கணக்குக்காரி எங்க அம்மை. மரிச்சு மூணு வருஷமாச்சு. இந்தப் பட்டியல்ல உள்ளவங்கள்ல முக்காவாசிப் பேரும் அப்படித்தான் இருப்பாங்க. 'பக்கத்து வேலிக்காரி போய்ட்டா, அவ தோட்டத்தை அழிச்சிராதீங்க, நான் ஊத்திக்கிடுதேன்'னு எனக்கு எத்தனையோ பேரு எழுதியிருக்காங்க. நான் சரின்னு சொல்லிட்டு விட்டிருக்கேன். கணக்குல சொல்லாதது என் தப்பு. கழிச்சுக்கோ."

பிரணவ் குனிந்து அந்த வரியைப் பார்த்தான். பிறகு, "உங்க அம்மா தோட்டத்துக்கு யார் ஊத்துறாங்கன்னு பார்த்தீங்களா?" என்று கேட்டான். அவள் இல்லை என்று தலையசைத்தாள். அவன் பதிவேட்டைத் திறந்தான். மூன்று வருடம், தினமும், காலை எட்டு மணிக்கு முன்னால், ஒரே கணக்கு. பெயர்: சோதனை 01.

பழவங்காடி மாடியில் அம்மாவுக்குப் பக்கத்து வீடாகச் சுனில் வேலி கட்டிய அதே கணக்கு.

"இதுல ஒண்ணு புரியல மேடம்," என்றான் அவன். "இவரோட சொந்தத் தோட்டம் மூணு வருஷமா காஞ்சு கிடக்கு. இவருக்கு ஊத்த ஆளே இல்ல. ஒரு பைசா சம்பாதிக்கல, ஒரு அறுவடை பண்ணல. தினம் வந்து உங்க அம்மாவுக்கு மட்டும் ஊத்திட்டுப் போறார். இவருக்கு இதுல என்ன லாபம்?"

அவன் கேள்வியோடு தானே மல்லுக்கட்டினான். இறந்தவர்களின் தோட்டத்துக்கு ஊற்றுகிறவர்கள் மொத்தம் எத்தனை பேர், எத்தனை வருடமாக வருகிறார்கள் என்று அன்று முழுவதும் எண்ணினான். மறுநாள் ஹரிகுமாரின் அறையில் சொன்னான்: "ரெண்டாயிரம் பேர் இருக்காங்க சார். பெரும்பாலும் அம்பது வயசுக்கு மேல. எங்க விலைப்பட்டியல்ல இவங்களுக்கு அறுபத்தஞ்சு ரூபாய். ஆனா நாங்க முந்நூறு ரூபாய் போடுற பசங்க மூணு மாசத்துல வேற கேமுக்குப் போயிடுறாங்க. இவங்கள்ல ஒருத்தர்கூட விட்டுட்டுப் போகல. அந்தத் தோட்டங்களை அழிச்சா இவங்களும் போயிடுவாங்க. அழிக்கக் கூடாதுன்னு எழுதப்போறேன். இறந்தவங்களுக்கு விலை கிடையாது, ஆனா நிலம் அவங்களுக்கே இருக்கட்டும்."

விலை ஹரிகுமார் ஆசைப்பட்ட அளவுக்கு வரவில்லை. கடன் அடைந்து, எல்லோருக்கும் சம்பளம் கொடுக்கிற அளவுக்கு வந்தது. "மதி, அது மதி," என்று அவர் இரண்டு தடவை சொன்னார். போதும் என்று அர்த்தம். கண் கலங்கியதை மறைக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஜெபமலர் வராந்தாவுக்கு வந்தாள். சுனிலின் எண் அவள் போனில் ஏழு வருடமாக இருந்தது. ஒரே மணியில் எடுத்தான். பாலராமபுரத்தில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தாள். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"எடே சுனிலு, நான்தான்."

"தெரியும். நம்பரை அழிக்கல."

கேட்க வேண்டியது ஏராளம் இருந்தது. "அம்மை போனது உனக்கு யாரு சொன்னா?" என்பதுதான் வாயில் வந்தது.

"யாரும் சொல்லல. அம்மை எட்டு மணிக்கு முன்ன என் செடிக்கு ஊத்திரும். நான் வேலைய விட்டு எறங்கின பொறவும் ஊத்திச்சு, ஒரு நாளும் தெற்றினது இல்ல. ஒரு தடவை மூணு நாள் என் பயறு வாடிக் கிடந்தது. அப்பவே மனசிலாச்சு. விசாரிச்சுட்டு பாறசாலை சபைக்கு அடக்கத்துக்கு வந்தேன். பின்னால நின்னேன். நீ பாக்கல."

ஜெபமலர் அவனோடு பேச்சை நிறுத்திய பிறகும் அம்மா நான்கு வருடம் அந்த வேலியில் நின்று தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். மகளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னால் மகள் என்ன பேசியிருப்பாள் என்று அம்மாவுக்குத் தெரியும்.

"ஏன்டே ஒரு வாக்கு எங்கிட்டச் சொல்லல?"

"எனக்கு உங்கிட்டத்தானே வழக்கு? செடிகிட்ட என்ன வழக்கு?"

அவள் அழுதாள். யார் பார்த்தால் என்ன என்று அழுதாள். அவன் வைத்துவிடாமல் பொறுமையாக மறுமுனையில் இருந்தான். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உன் தோட்டம் மூணு வருஷமா காஞ்சு கிடக்கே, வேற யாரையாவது வேலி சேர்த்திருக்கலாம்லா?" என்று கேட்டாள்.

"அந்தப் பக்கம் அம்மைக்கு உள்ள வேலி. இந்தப் பக்கம் யாரும் கேக்கல."

ஜெபமலர் அழைப்பைத் துண்டிக்காமலே விளையாட்டைத் திறந்தாள். சோதனை 01 என்று தேடினாள். பழுப்பு நிறத்தில் ஐந்து சென்ட், நடுவில் காய்ந்த பயற்றங்கொடி. 'வேலி சேரலாமா?' என்ற பொத்தானை அழுத்தினாள். மறுமுனையில் டிங் என்று கேட்டது. அவள் திரையில் வேலி திறந்தது. காய்ந்த கொடிக்கு முதல் தண்ணீரை ஊற்றினாள்.

ஏழு நாள் விடாமல் ஊற்றினால்தான் காய்ந்த நிலம் பச்சை பிடிக்கும். அந்த விதியையும் சுனில்தான் எழுதியிருந்தான். மறுநாள் காலை எட்டு மணிக்கு முன்பே ஜெபமலர் அவன் தோட்டத்துக்கு இரண்டாம் நாள் தண்ணீரை ஊற்றினாள்.